பட்டியலில் இருக்கும் பெயர் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் அக்காவை அவளுடைய கணவனே கொன்றான். ஆயுள் தண்டனை பெற்ற அவன், மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து இப்போது வெளியே வந்துவிட்டான். கடந்த தேர்தலில் வாக்குச்சாவடி வரிசையில் எனக்கு ஆறேழு பேர் முன்னால் நின்றிருந்தான். அக்காவின் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து வாக்காளர் பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்கியவன் நான். அவன் பெயரோ இருக்கிறது. நான் வாக்களிக்காமல் திரும்பிவிட்டேன். கொலைகாரனுக்கு எதற்கு ஐயா ஓட்டு? களையைப் பிடுங்கியபின் அதற்கு யாராவது நீர் பாய்ச்சுவார்களா? இப்படிப்பட்டவர்கள் தங்களைப் போன்றவர்களைத்தானே தேர்ந்தெடுப்பார்கள்? நான் திரும்பி வந்தது தவறா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அக்காவின் பெயரை நீங்களே நீக்கியதாக எழுதிய வரியைத் தாண்டி அன்று என்னால் படிக்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் மீதியைப் படித்தேன். சில மாதங்களுக்கு முன் நானும் ஓர் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து ஒரு பெயரை நீக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு கொலையைச் செய்தவர், என் சித்தப்பா. ஆகவே உங்களுக்கு நான் எழுதுவது எதிர்ப்பக்கத்து வீட்டிலிருந்து என்பதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்; படிக்க மனம் வராவிட்டால் அதையும் நான் புரிந்துகொள்வேன்.

குற்றவாளிகள் குற்றவாளிகளையே தேர்ந்தெடுப்பார்கள் என்ற வாதத்தில் நான் நேரம் செலவிடப் போவதில்லை. கொலை செய்தவர்கள் எல்லோரும் ஒரே சின்னத்தில் முத்திரையிடுவதில்லை. தவறானவர்களை வெற்றிபெறச் செய்வதற்கு எந்த நாட்டிலும் சிறைவாசிகளின் வாக்கு தேவைப்பட்டதும் இல்லை.

ஆனால் களை என்ற சொல்லை விட மாட்டேன். அந்தச் சொல்லை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. களைக்குத் தண்டனை விதிக்க முடியாது, அதனிடம் ஏன் செய்தாய் என்று கேட்கவும் முடியாது. அவனை நீதிமன்றத்தில் நிறுத்தி, சட்டம் தெரிந்தும் மீறினாய், இதற்கு நீ பொறுப்பு என்று தீர்ப்பு எழுதியது அவன் மனிதன் என்பதால்தான். அவன் வெறும் களை என்றால் உங்கள் அக்காவுக்கு நேர்ந்தது ஒரு விபத்தாகிவிடும். அப்படியா சொல்ல வருகிறீர்கள்?

வாக்குரிமையை நல்லவர்களுக்கு அரசு கொடுக்கும் ஒரு நற்சான்றிதழ் போல எண்ணுகிறீர்கள். அப்படி எண்ணுபவர்கள் மிகப் பலர் என்பதால் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மனைவியை நாள்தோறும் அடித்து, வழக்கில் அகப்படாமல் இருப்பவனும் அந்த வரிசையில் நிற்கிறான். கலப்படம் செய்து விற்றவனும், தங்கையின் சொத்தை ஏமாற்றி எழுதி வாங்கியவனும் நிற்கிறார்கள். விரலில் மை வைப்பவர் யாருடைய ஒழுக்கத்தையும் விசாரிப்பதில்லை, விசாரிக்கவும் கூடாது. இந்தச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டு வாழ வேண்டியவர்கள் யார் யார் என்ற கணக்குதான் வாக்காளர் பட்டியல். சட்டத்தின் கை மற்ற எவரையும்விட அழுத்தமாகப் படிந்திருப்பவன் தண்டனை பெற்றவன். அந்தக் கணக்கிலிருந்து அவனை மட்டும் எப்படி விலக்குவது? அவனுடைய நடமாட்டத்தை, உழைப்பை, குடும்பத்தோடு இருக்கும் உரிமையைத் தண்டனை எடுத்துக்கொள்கிறது. எடுக்கட்டும், இன்னும் நீண்ட காலம் எடுத்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். வாக்கைப் பறிப்பது அந்தக் கொலைக்கு எந்த வகையிலும் ஈடாவதில்லை.

இன்னொன்றும் உண்டு. யாரையெல்லாம் நீக்கலாம் என்ற பட்டியலை எழுதுபவர்கள் யார் என்று பாருங்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1901ஆம் ஆண்டு அரசியலமைப்பை எழுதக் கூடியவர்கள், வெள்ளையர் மேலாதிக்கத்தை நிலைநாட்டவே கூடியிருக்கிறோம் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். கறுப்பின மக்களுக்கு எதிராக எளிதில் பயன்படும் என்று அவர்கள் கருதிய குற்றங்கள் வாக்கைப் பறிக்கும் குற்றங்களாயின. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே செல்லாத காசோலை கொடுத்தவர் வாக்கை இழந்தார், காவலரைத் தாக்கியவர் இழக்கவில்லை. 1985இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சிறையில் இருக்கும் எவரும் வாக்களிக்கக் கூடாது என்கிறது. தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்கு மட்டுமே விலக்கு. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த ஏறத்தாழ 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். எந்தக் குற்றமும் மெய்ப்பிக்கப்படாத இத்தனை பேரின் வாக்கை எடுத்துக்கொள்ளும் அதே சட்டம், 2013ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, சிறையில் இருந்தபடியே அவர்கள் தேர்தலில் போட்டியிடத் தடையில்லை என்கிறது. கொடிய குற்றவாளியை மனத்தில் வைத்து நாம் திறந்துவிடும் கதவின் வழியே முதலில் வெளியே தள்ளப்படுபவர்கள் ஜாமீன் தொகை கட்ட வழியில்லாத ஏழைகள். இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பாதிக்கப்படாதவர்கள் பேசும் பேச்சு இது என்று உங்களுக்குத் தோன்றலாம். 1999இல் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம், சிறைவாசிகளும் வாக்களிக்கத் தேர்தல் ஆணையம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ஆணையிட்டது. ஒவ்வொரு குடிமகனின் வாக்கும் அவனுடைய கண்ணியத்தின் அடையாளம், ஒவ்வொருவரும் கணக்கில் உண்டு என்று அது சொல்கிறது என்ற பொருளில் அந்தத் தீர்ப்பை எழுதியவர் ஆல்பி சாக்ஸ். 1988இல் மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவில் அவருடைய காரில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து ஒரு கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தவர் அவர். குண்டு வைக்கும் மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இஸ்ரேலில் 1995இல் பிரதமர் ராபினைச் சுட்டுக் கொன்ற யிகால் அமீரின் வாக்குரிமையைப் பறிக்க வேண்டும் என்று அடுத்த ஆண்டே வழக்கு வந்தது, நீதிமன்றம் மறுத்துவிட்டது. செயலின் மீதான அருவருப்பும் உரிமையின் மீதான மதிப்பும் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடக் கடினமான சோதனை எனக்குத் தெரியவில்லை.

என் சித்தப்பா வரப்புத் தகராறில் ஒருவரை மண்வெட்டியால் அடித்துக் கொன்றார். பதினோரு ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டுத் திரும்பி எங்கள் வீட்டிலேயே தங்கினார். எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது பட்டியலைச் சரிபார்க்க ஒருவர் வந்தார். வாக்களிக்கும் வயதில் எத்தனை பேர் என்று அவர் கேட்டதற்கு மூன்று பேர் என்று அப்பா சொன்னார். பாட்டி, அப்பா, அம்மா. கிணற்றடியில் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு அது தெளிவாகக் கேட்டது. அவர் தலையைத் தூக்கவில்லை, கயிற்றை முறுக்குவதை நிறுத்தவும் இல்லை. நான்கு பேர் என்று எனக்குத் தெரியும். நானும் வாய் திறக்கவில்லை. சட்டம் அவரை நீக்கவில்லை. நாங்கள் நீக்கினோம். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எந்தத் தேர்தலிலும் அவர் வாக்களிக்கவில்லை. ஏன் என் பெயர் இல்லை என்று ஒருமுறைகூட அவர் கேட்டதில்லை. அப்படிக் கேட்காமலே இருந்தது என்னை இன்றும் தூங்கவிடுவதில்லை.

அப்பா இறந்த பிறகு விண்ணப்பத்தை நிரப்பிச் சித்தப்பாவின் பெயரைச் சேர்த்தேன். வாக்குப்பதிவு நாளில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: என்னால் இறந்துபோனவரின் அம்மா எத்தனை மணிக்கு வாக்களிக்கப் போவார்? காலையிலேயே போய்விடுவார் என்றேன். அப்படியானால் சாயங்காலம் போகிறேன் என்று சொல்லி, வாக்குப்பதிவு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது புறப்பட்டார். அந்தத் தாய் இதையெல்லாம் என்ன நினைத்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை. ஆகவே அவர் சார்பாக உங்களிடம் எதையும் சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்தது தவறா என்று கேட்டிருந்தீர்கள். அன்று உங்களால் அங்கே நிற்க முடியவில்லை, அதற்கு யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்கள் வீட்டிலிருந்து ஒரு வாக்கை அவன் ஏற்கெனவே எடுத்துவிட்டான். இரண்டாவதை நீங்களாகவே விட்டுக்கொடுத்ததில் எனக்கு உங்கள் மேல் கோபம் உண்டு. அடுத்த தேர்தலில் வாக்குச்சாவடி திறக்கும் நேரத்திலேயே போய் நில்லுங்கள்.