விடையை நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்

தம்பி, இங்கிலாந்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகை வீடு, ஓட்டுநர் உரிமம், குளிர் உடுப்பு, இயர் 10-இல் (பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பு) சேர்ந்திருக்கும் மகன் என்று நான்கு கேள்வி. முதல் மூன்றையும் வேறு யாரிடமாவது கேளுங்கள். என்னைவிடத் தெளிவாகச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான்காவதை மட்டும் இரண்டு மூன்று முறை படித்தேன்.

பையன் யாரும் சொல்லாமலே ரகசியக் குறியீடுகளைப் பற்றி மணிக்கணக்காகப் படிக்கிறான், பள்ளியில் வீட்டுப்பாடம் குறைவு, நேரம் வீணாகிறதோ என்று பயமாக இருக்கிறது, நல்ல டியூஷன் எது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே பயத்தில்தான் நான் என் மகளுக்கு ஒரு வருடத்தை வீணாக்கினேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் 2006 செப்டம்பரில் வந்தோம். எனக்கு ஆறு மாத ஒப்பந்த வேலை, அதற்குப் பிறகு என்ன என்று தெரியாது. மகளுக்குப் பதினான்கு வயது. அவள் ஆங்கிலம் வகுப்பில் யாருக்கும் புரியவில்லை, அவர்கள் பேசுவது இவளுக்குப் புரியவில்லை. முதல் இரண்டு மாதம் பள்ளியில் வாயே திறக்கவில்லை. எங்கள் வீடு மெர்சி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில். அங்கே ஓதம், அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்குவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரிய ஓத நாட்களில் ஒன்பது பத்து மீட்டர் வித்தியாசம் இருக்கும். காலையில் படிக்கட்டு மூழ்கிக் கிடக்கும், மாலையில் சேறும் கல்லுமாகக் கிடக்கும். பள்ளி விட்டு வரும் வழியில் அவள் அங்கே நின்று, தண்ணீர் எந்தப் படியைத் தொடுகிறது, எத்தனை மணிக்குத் தொடுகிறது என்று ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தாள். சனி, ஞாயிறு நாள் முழுக்க அங்கேதான்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் இரவு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். உச்ச நீர் தினமும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். நான் கணினியைத் திறந்து இரண்டே நிமிடத்தில் விடையைச் சொல்லிவிட்டேன். பூமி ஒரு சுற்று முடிப்பதற்குள் நிலா கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது, அதை எட்டிப் பிடிக்கப் பூமிக்கு இன்னும் ஐம்பது நிமிடம் வேண்டும், அவ்வளவுதான், இப்போது போய்க் கணக்குப் போடு என்றேன். அவள் நோட்டை மூடினாள். அந்த வருடம் முழுவதும் அதை மறுபடி திறக்கவில்லை.

நான் செய்தது உதவி என்றுதான் அப்போது நினைத்தேன். ஒரு பிள்ளை தானாகக் கேட்ட கேள்வியை நாம் பறித்துக்கொண்டால், அதோடு அவளுடைய படிப்பும் நம் கைக்கு வந்துவிடுகிறது. அடுத்து என்ன என்று நம் முகத்தைப் பார்ப்பாள். நானும் அதற்கு வசதி செய்துகொடுத்தேன். சுவரில் கால அட்டவணை ஒட்டினேன், வாரத்தில் நான்கு நாள் டியூஷனில் சேர்த்தேன். ஒரே மாதிரி பயிற்சித் தாள்கள், பக்கம் பக்கமாக. மதிப்பெண் ஏறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஏறியது. ஆனால் யாராவது தாள் கொடுத்தால்தான் படிப்பு என்ற நிலைக்கு வந்துவிட்டாள்.

இந்த ஊர்ப் படிப்பு அந்த நிலையில்தான் காலை வாரிவிடும். பதினாறு வயதில் ஜிசிஎஸ்இ என்ற பொதுத்தேர்வு முடிந்து, சிக்ஸ்த் ஃபார்ம் என்ற கடைசி இரண்டு வருடப் பள்ளிப் படிப்புக்குப் போனால், அதன் முடிவில் வரும் ஏ லெவல் தேர்வுக்குப் பெரும்பாலும் மூன்று பாடம்தான். அட்டவணையில் பாதி வெறுமையாக இருக்கும். நம் ஆட்கள் அதைப் பார்த்துப் பள்ளி சோம்பேறித்தனம் செய்கிறது என்பார்கள். அந்த வெற்று நேரம் தானாகப் படிப்பதற்காக விடப்பட்டது. வகுப்பில் இருக்கும் அளவு நேரம் வெளியிலும் உட்காரச் சொல்வார்கள், ஆனால் யாரும் பக்கத்தில் வந்து நிற்க மாட்டார்கள். பதினாறு வயதுவரை கையைப் பிடித்து எழுதவைத்துவிட்டு, அந்தச் செப்டம்பரில் திடீரென்று நீயே படி என்றால் எந்தப் பிள்ளையும் தடுமாறும். உங்கள் மகனுக்கு அந்தத் திறமை இப்போதே முளைத்திருக்கிறது. அதைக் கெடுக்காமல் இருந்தாலே பெரிய உதவி.

சரி, அப்படியானால் அவன் போக்கில் விட்டுவிடலாமா? கூடாது. ராமானுஜன் கதையை நாம் எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். பதினாறு வயதில் ஏறத்தாழ ஐயாயிரம் கணித முடிவுகள் அடங்கிய ஒரு புத்தகம் கையில் கிடைத்து, அதை வைத்துக்கொண்டு தானாகவே போய்விட்டார் என்று. அதே பிடிவாதத்தில் மற்ற பாடங்களைத் தொடாமல் கல்லூரி உதவித்தொகையை இழந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே ஜிசிஎஸ்இயில் ஆங்கிலமும் கணிதமும் கிரேடு 4 (9-தான் உச்சம்) வராவிட்டால், பதினாறுக்குப் பிறகும் அவற்றைத் தொடர்ந்து படித்தாக வேண்டும். ஆகவே பையனிடம் நேராகப் பேசுங்கள். பள்ளிப் பாடத்துக்கு இவ்வளவு நேரம், அது அவன் பொறுப்பு. மீதி நேரம் குறியீடுகளுக்கு, அதில் நீங்கள் தலையிட மாட்டீர்கள். அட்டவணையை அவனே எழுதட்டும். முதல் இரண்டு வாரம் சொதப்பும். திருத்துவதும் அவன் வேலைதான்.

பள்ளிப் பாடத்தையும் டியூஷன் இல்லாமல் படிக்க முடியும். பழைய வினாத்தாள், விடைக்கு மதிப்பெண் தரும் முறை, தேர்வாளர் அறிக்கை எல்லாம் ஏக்யூஏ, ஓசிஆர் போன்ற தேர்வு வாரியங்களின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தத் தேர்வாளர் அறிக்கையை எங்கள் ஆட்கள் யாரும் தொடுவதே இல்லை. பிள்ளைகள் எந்த இடத்தில் தவறுகிறார்கள் என்று அதில் அப்படியே எழுதியிருக்கும். அப்புறம், பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை விட்டுவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுவாசிப்பு செய்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே. கணிதத்துக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் என்ரிச் தளம் இருக்கிறது, அதுவும் இலவசம்.

என் மகள் கதைக்கு வருகிறேன். இயர் 11-இல் அவளுடைய இயற்பியல் ஆசிரியை எப்படியோ அந்த நோட்டைப் பார்த்திருக்கிறார். பாராட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். உன் குறிப்பின்படி பௌர்ணமிக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தண்ணீர் மிக உயரமாக ஏறியிருக்கிறது, அன்றைக்கே ஏன் ஏறவில்லை? விடை சொல்லவில்லை. அடுத்த வாரம் வந்து பார் என்று அனுப்பிவிட்டார். அன்று மாலை என் மகள் வீட்டுக்கு வராமல் நேராகப் படித்துறைக்குப் போய்விட்டாள். நான் தேடிக்கொண்டு போனேன். மழைக்கோட்டுக்குள் நோட்டை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மாதமே டியூஷனை நிறுத்தினேன்.

பிள்ளை தனியாகப் படிக்கிறது என்றால் அதற்கு ஆளே தேவையில்லை என்று அர்த்தமில்லை. மின்சார ஆராய்ச்சியில் பெயர் பெற்ற மைக்கேல் ஃபாரடே புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை கற்றவர். கட்டவந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார். ஆனால் அவர் வாரம்தோறும் இளைஞர்கள் கூடிப் பேசும் ஒரு கழகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். 1812-இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அதைத் தானே பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினார். மறு வருடம் டேவி இருந்த ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கேட்பதற்கு ஒரு கூட்டம், காட்டுவதற்கு ஒரு பெரியவர், இந்த இரண்டும் உங்கள் மகனுக்கும் வேண்டும். அந்தப் பெரியவர் நீங்களாக இல்லாமல் இருப்பது நல்லது. ஊர் நூலகத்தில் அவனுக்கு ஓர் அட்டை வாங்குங்கள். குறியீடு என்றால் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களுக்காகவே தேசிய அளவில் ஒரு குறியீட்டுப் போட்டி நடத்துகிறது. குழுவாகவும் சேரலாம். ஆசிரியரிடம் அவனே போய்க் கேட்கட்டும். நீங்கள் மின்னஞ்சல் அனுப்பாதீர்கள்.

சிக்ஸ்த் ஃபார்மில் இபிகியூ என்று ஒரு ஆய்வுத்திட்டத் தகுதி உண்டு. தலைப்பை மாணவரே தேர்ந்தெடுத்து, தானே ஆராய்ந்து, பெரும்பாலும் ஐயாயிரம் வார்த்தையில் கட்டுரை எழுதி, கடைசியில் ஆட்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும். பாதி ஏ லெவலுக்குச் சமம். ஏக்யூஏ முறையில், செய்து முடித்த கட்டுரைக்கோ பொருளுக்கோ மதிப்பெண்ணில் 40 சதவீதம்தான். திட்டமிட்டது, நூல்களையும் தகவல்களையும் கையாண்டது, திரும்பிப் பார்த்து எடைபோட்டது, இந்த மூன்றுக்கும் சேர்த்து 60. ஆரம்பத்திலிருந்து நாட்குறிப்பு எழுதாத பிள்ளைகள் அங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

இங்கே எனக்கு ஒரு கோபம் உண்டு. நம் பெற்றோர்களில் பலர் அந்தத் தலைப்பையும் தாங்களே எடுத்துக்கொடுக்கிறார்கள். மருத்துவம் படிக்கவைக்க வேண்டும், அதனால் புற்றுநோய் என்று எழுது என்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் அப்படி எழுதினான். விளக்கம் முடிந்ததும் உனக்கு இதில் ஏன் ஆர்வம் வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். பதில் இல்லை, அழுதுவிட்டான். நல்ல புத்திசாலிப் பையன், வீட்டில் இரண்டு வருடமாக விண்மீன்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன். அதைப் பற்றி எழுத அவனை யாரும் விடவில்லை. இப்போது பல்கலைக்கழக விண்ணப்பத்திலும், அவற்றைப் பெற்று அனுப்பும் அமைப்பான யூகாஸ் மூன்று கேள்வி வைத்திருக்கிறது. முதல் கேள்வியே ஏன் இந்தப் படிப்பு என்பதுதான். அடுத்தவர் கொடுத்த தலைப்பை வைத்து அதற்கு எப்படிப் பதில் எழுத முடியும்?

என் மகள் 2009-இல் அந்த இபிகியூவைச் செய்தாள். முதலில் ஓதங்கள் என்று மட்டும் தலைப்பு வைத்தாள். இது ஒரு வாழ்நாள் வேலை, உன் படித்துறைக்குச் சுருக்கு என்றார் மேற்பார்வை ஆசிரியை. ஒரு மாதம் அவளே அளந்த நேரங்களை வைத்து அடுத்த மாதத்தை எவ்வளவு துல்லியமாகச் சொல்லலாம் என்று மாற்றினாள். எங்கள் ஊர்க்காரர் ஆர்தர் டூட்சனைப் பற்றி நூலகத்தில் தேடிப் படித்தாள். காது கேளாதவர், இரண்டாம் உலகப் போரில் 1944 நார்மண்டித் தரையிறக்கத்துக்கு ஓத நேரங்களைக் கணித்துக்கொடுத்தவர். மகளின் கணிப்பு சில நாள் அரை மணி நேரம் தப்பியது, உயரமும் தப்பியது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று கடைசியில் கண்டுபிடித்தாள். தப்பியதையும் காரணத்தையும் நான்கு பக்கம் எழுதினாள். அதற்குத்தான் நல்ல மதிப்பெண் வந்தது. எனக்கு அந்தக் காற்றழுத்த விஷயம் ஒரு மாதம் முன்பே தெரியும். வாயைத் திறக்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்து நான் கற்றுக்கொண்டதிலேயே கடினமானது அதுதான், தம்பி.

உங்கள் மகனுக்கு ஒரே ஒரு கேள்வி மட்டும் கொடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்து எது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். எழுத்துகளை எண்ணிக் குறியீட்டை உடைக்கும் வழியை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் அல்-கிந்தி எழுதிவைத்ததையும் படித்திருப்பான். தமிழில் எப்படி? 247 எழுத்தையும் தனித்தனியாக எண்ணுவதா, கொம்பையும் காலையும் பிரித்து எண்ணுவதா? அவன் வகுப்பில் வேறு யாராலும் இதைச் செய்ய முடியாது, அவனால் முடியும். எப்படி எண்ணினான், எது அதிகம் வந்தது என்று முடிந்ததும் எழுதச் சொல்லுங்கள். அதுவரை நானும் விடையைத் தேடிப் பார்க்க மாட்டேன்.