நண்பர்களோடு ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் போய் கோல்ஃப் ஆடலாமா? எப்படித் திட்டமிடுவது?

எட்டு நண்பர்கள், எல்லோருமே சுமாராக ஆடுபவர்கள், அடுத்த கோடையில் நார்த் பெரிக் வெஸ்ட் லிங்க்ஸில் ஒரு ரவுண்டு ஆட ஆசைப்படுகிறோம், சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் நண்பர் குழுவும் எட்டுப் பேர்தான், எங்கள் ஆட்டமும் சுமார்தான். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே ஸ்கோர் எண்ணாதீர்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து மேட்ச் பிளே ஆடுங்கள். அதில் மொத்த அடிக் கணக்கு இல்லை, ஒவ்வொரு ஹோலையும் யார் ஜெயித்தார்கள் என்பதுதான் கணக்கு. முடிந்தால் ஃபோர்சம் ஆடுங்கள், அதாவது ஜோடிக்கு ஒரே பந்து, ஆளுக்கு ஒரு அடியாக மாற்றி மாற்றி.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த மைதானம் உருவானதே அந்த ஆட்டத்துக்காகத்தான். அங்கே கிளப் தொடங்கியது 1832-இல். அந்தக் காலத்தில் கோல்ஃப் என்றாலே பெரும்பாலும் ஆளுக்கு ஆள், ஜோடிக்கு ஜோடி மோதுவதுதான். வழியில் கல்சுவர் இருந்ததா, அதை இடிக்கவில்லை, தாண்டி அடித்தார்கள். மணல்மேடு குழியில் நிற்கும் கொடியை மறைத்ததா, மேட்டைச் சமப்படுத்தவில்லை, குத்துமதிப்பாகத் திசை பார்த்து அடித்தார்கள். கார்டில் ஸ்கோர் எழுதுகிறவருக்கு அப்படிப்பட்ட ஒரு சுவர் ஒரே ஹோலில் ஒன்பது, பத்து என்று எழுதவைத்து அன்றைய நாளையே கெடுத்துவிடும். மேட்ச் பிளேயில் அதே சுவரால் உங்களுக்குப் போவது ஒரு ஹோல் மட்டும்தான். அடுத்த டீயில், அதாவது அடுத்த ஹோலின் தொடக்க இடத்தில், புதிதாக ஆரம்பிக்கலாம். இன்றைய அளவுகோலை வைத்துக்கொண்டு "இது நியாயமே இல்லாத ஹோல்" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கையில் கார்டும் பென்சிலும் இருந்ததுதான் காரணம் என்பது என் கருத்து.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். எடின்பரோ வேவர்லி நிலையத்தில் ரயில் ஏறினால் அரை மணிக்குச் சற்று மேல் ஆகும், அவ்வளவுதான். ஸ்டேஷனிலிருந்து மைதானத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம். ஃபோர்த் முகத்துவாரத்தின் தென்கரையில் ஊரும் மைதானமும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. ஊருக்குக் கிழக்கே கடலுக்குள் பாஸ் ராக் என்ற பெரிய பாறைத்தீவு. கோடையில் அதன் மேற்பகுதி வெள்ளை வெளேரென்று இருக்கும். எல்லாம் கேனட் பறவைகளும் அவற்றின் எச்சமும். உலகிலேயே அந்த இனம் மிக அதிகமாகக் கூடும் இடங்களில் அது ஒன்று.

லிங்க்ஸ் நிலம் என்பது கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவில் கிடக்கும் மணல் பூமி. உழவுக்கு உதவாது, ஆடு மேய்க்கத்தான் ஆகும். மழை பெய்த வேகத்தில் தண்ணீரை உறிஞ்சிவிடும். புல் மெலிசு, தரை கெட்டி. அதனால் பந்து விழுந்த இடத்தில் நிற்காது, உருண்டு போகும். எங்கள் குழுவில் மூத்தவரான அண்ணன் ஊட்டியில் ஆடிப் பழகியவர். சுற்றிலும் மரங்களைப் பார்த்துத் திசை பிடிப்பதுதான் அவருக்குப் பழக்கம். இங்கே டீயில் நின்று பார்த்தால் மரமே கிடையாது. வானம், கடல், மேடு பள்ளம், தூரத்தில் ஒரு கொடி. "எதை வெச்சுடா குறி பார்க்கிறது?" என்று முதல் டீயிலேயே கேட்டார். கொடியைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள் என்பதுதான் அதற்குப் பதில். எங்கே இறக்கினால் எந்தப் பக்கம் உருளும் என்று யோசிக்கப் பழகிவிட்டால் பாதி ஆட்டம் வசப்பட்டுவிடும். இந்த விஷயத்தில், பையைச் சுமந்து வழிசொல்லும் கேடி ஒருவரை வைத்துக்கொள்வது கொடுக்கிற காசுக்குத் தகும். நாலு பேருக்கு ஒருவர் இருந்தாலும் போதும்.

மைதானம் மேற்கு நோக்கிப் போய், பாதியில் திரும்பிக் கிழக்கே ஊருக்கு வருகிறது. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து. ஆக, போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். முதல் ஒன்பதில் பின்தங்கிவிட்டோமே என்று எந்த ஜோடியும் சோர்ந்துபோக வேண்டாம்.

முதல் ஹோலில் தூரமாக அடிக்கும் மட்டையான டிரைவரை எடுக்கவே எடுக்காதீர்கள். குறுக்கே ஒரு பாதை கடற்கரைக்கு இறங்குகிறது. அதற்கு முன்னால், குறைந்த தூரம் அடிக்கும் அயர்ன் மட்டையால் பந்தை நிறுத்திவிட்டு, அங்கிருந்து மேட்டின் மேலிருக்கும் கிரீனுக்கு, அதாவது குழி இருக்கும் வழவழப்பான புல்தரைக்கு, அடிக்க வேண்டும். இரண்டாவது ஹோலில் வலப்பக்கம் முழுக்கக் கடற்கரைதான். பந்து மணலில் விழுந்தால் அங்கிருந்தே அடிக்கலாம். நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் இருப்பார்கள், அவர்கள் கடந்து போகும்வரை காத்திருங்கள். மூன்றாவதில், டீயிலிருந்து கிரீனுக்குப் போகும் புல்வழியான ஃபேர்வேயின் குறுக்கே முதல் கல்சுவர். அது ஒரு அறிமுகம் மாதிரி. பெரிய விஷயமெல்லாம் திரும்பி வரும்போதுதான்.

13-வது ஹோலுக்குப் பெயர் பிட். கிரீன் ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. ஒரு பக்கம் மணல்மேடு, மறு பக்கம் கிரீனை ஒட்டினாற்போல் இடுப்பளவு கல்சுவர். கொடியின் மேல்பாதி மட்டும் சுவருக்கு மேலே தெரியும். எங்கள் குழுவிலேயே தூரமாக அடிக்கக்கூடிய தம்பி அந்த இடத்தில் வெட்ஜை எடுத்து உயரமாகத் தூக்கினான். காற்று பந்தைப் பிடித்துக்கொண்டது. சுவரின் உச்சிக் கல்லில் டொக்கென்று பட்டு, எங்களைத் தாண்டிப் பின்னால் போய் விழுந்தது. எதிர் ஜோடியில் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? சுவருக்கு முப்பது கஜம் முன்னாலேயே பந்தை நிறுத்திக்கொண்டார். அவருடைய ஜோடி அங்கிருந்து சின்னதாக ஒரு தூக்கு தூக்க, பந்து சுவரைத் தாண்டி மெத்தென்று கிரீனில் இறங்கியது. ஹோல் அவர்களுக்கு. தம்பி சிரித்தபடி 14-வது டீக்கு நடந்தான். ஸ்கோர் எண்ணியிருந்தால் அந்த முகத்தில் சிரிப்பு இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். சுவரை ஒட்டிப் பந்து கிடந்தால் ஒன்றும் யோசிக்காதீர்கள், பக்கவாட்டிலோ பின்னாலோ தட்டி வெளியே எடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

அடுத்தது 14-வது ஹோல், பெயர் பெர்ஃபெக்ஷன். இரண்டாவது அடியை ஒரு மேட்டுக்கு மேலாக, கடலை நோக்கி, கிரீனைப் பார்க்காமலே அடிக்க வேண்டும். குழுவாகப் போனால் இதில் ஒரு சுகம் உண்டு. ஒருவர் மேட்டின் மேல் ஏறி நின்று கையைக் காட்டுவார், மற்றவர்கள் அந்தக் கையை நம்பி அடிப்பார்கள். ஆடி முடித்ததும் பின்னால் வருபவர்களுக்கு மணி அடித்துவிட்டு நகருங்கள்.

பிறகு 15. இதற்காகத்தான் உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஆட்கள் இங்கே வருகிறார்கள். பெயர் ரெடான். கிரிமியப் போரின்போது செவஸ்தபோலில் பிரிட்டிஷ் படையால் பிடிக்க முடியாமல் போன கோட்டை அரணின் பெயர். சுமார் 190 கஜம், பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய ஹோல். நடுவில் ஒரு மேடு இருப்பதால் டீயிலிருந்து கிரீன் சரியாகத் தெரியாது. கிரீன் வலமுன் மூலையிலிருந்து இடப்பின் மூலைக்குக் கோணலாகப் படுத்துக் கிடக்கிறது. சரிவும் அந்தப் பக்கமே. இடது முன்புறத்தில் பங்கர் என்ற ஆழமான மணற்குழி. நேராகக் கொடிக்கு அடித்தால் பங்கர் வாங்கிக்கொள்ளும், பங்கரைத் தாண்டி அடித்தால் பந்து நிற்காமல் ஓடிவிடும். வலது முன்பக்கத்தில் இறக்கி, மீதி வேலையை நிலத்திடம் விட்டுவிடுவதுதான் வழி. அமெரிக்காவில் சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட், லாங் ஐலண்டில் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸை அமைத்தபோது 4-வது ஹோலை இதைப் பார்த்துத்தான் போட்டார். பின்பு எத்தனையோ மைதானங்களில் ரெடான்கள் முளைத்துவிட்டன. மூலம் இங்கேதான்.

கேடி எங்களிடம் கொடியை விட்டுவிட்டு வலப்பக்கம் ஒரு இடத்தைக் காட்டினார். அண்ணன் ஒரு ஹைபிரிட் மட்டையை எடுத்து, தாழ்வாக, அவசரமில்லாமல் அடித்தார். பந்து மேட்டுக்கு அப்பால் இறங்கி மறைந்தது. "எங்கடா போச்சு?" யாருக்கும் தெரியவில்லை. நடந்து போய் மேட்டைத் தாண்டிப் பார்த்தால், பந்து கிரீனின் சரிவில் இடப்பக்கம் முழுக்க வளைந்து உருண்டு வந்து, கொடிக்கு இரண்டு எட்டில் உட்கார்ந்திருக்கிறது. பனி ஈரத்தில் அது வந்த தடம்கூடக் கோடாகத் தெரிந்தது. எட்டுப் பேரில் அதிகத் தூரம் அடிக்க முடியாதவர் அவர். லிங்க்ஸ் மைதானத்தில் எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான். பலம் குறைந்தவருக்கும் தரை ஒரு வழி வைத்திருக்கிறது.

16-இன் கிரீன் விசித்திரமானது. இரண்டு திட்டு, நடுவே இறங்கினால் முழங்காலுக்கு மேல் வரும் பள்ளம். கொடி எந்தத் திட்டில் இருக்கிறதோ அதில் நிற்காவிட்டால் பந்தை உருட்டிக் குழியில் போடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 18-வது 300 கஜம்கூட இல்லை. வலப்பக்கம் வரிசையாகக் கார்கள் நிற்கும், அதனால் எல்லோரும் இடப்பக்கமாக இழுத்து அடிப்பார்கள்.

ஃபோர்சம் ஆடுங்கள் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1875 செப்டம்பரில் இதே லிங்க்ஸில் அப்படி ஒரு ஜோடி ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் செயின்ட் ஆண்ட்ரூஸின் டாம் மாரிஸும் அவர் மகன் இளைய டாமும். மறுபக்கம் மசல்பரோவின் வில்லி பார்க், மங்கோ பார்க் சகோதரர்கள். நால்வருமே பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டியான ஓபனில் பட்டம் வென்றவர்கள். இளைய டாம் 1868 முதல் 1872 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றவர், இடையில் 1871-இல் போட்டியே நடக்கவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் தந்தி வந்தது. இளைய டாமின் மனைவிக்குப் பிரசவத்தில் உயிருக்கு ஆபத்து, உடனே வரவும். மாரிஸ்கள் ஆட்டத்தை முடித்து, ஜெயித்துவிட்டுப் புறப்பட்டார்கள். ஃபோர்த் பாலம் வருவதற்கு இன்னும் 15 வருடம் இருந்தது. ரயிலில் சுற்றிக்கொண்டு போக நேரமில்லை என்று ஒரு பாய்மரப் படகில் முகத்துவாரத்தைக் கடந்து போனார்கள். போய்ச் சேர்வதற்குள் தாயும் குழந்தையும் இறந்துவிட்டிருந்தார்கள். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று இளைய டாமும் போய்விட்டார். வயது 24. ரவுண்டு முடிந்ததும் துறைமுகம்வரை நடந்து போய் அந்தக் கடலை ஒருமுறை பாருங்கள். ஆட்டத்தின் கூடவே இதுவும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். எட்டுப் பேருக்கு அடுத்தடுத்த இரண்டு டீ டைம் வேண்டும். கோடை மாதங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் முந்தின வருடமே கிளப்புக்கு எழுதிக் கேளுங்கள். எல்லோருடைய ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றிதழும் கையில் இருக்கட்டும். குடை வேண்டாம், அந்தக் காற்றில் பிரயோஜனமில்லை. நல்ல மழைக்கோட்டும் இரண்டு ஜோடி கையுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட வரும் குடும்பத்தாருக்குத் துறைமுகத்தில் கடற்பறவை மையம் இருக்கிறது, அங்கிருந்து பாஸ் ராக்கைச் சுற்றிப் படகும் போகிறது. பக்கத்திலேயே கல்லேன் இருக்கிறது, மூன்று மைதானங்கள். இன்னொரு நாள் கிடைத்தால் அங்கே ஆடுங்கள்.

ஜோடி பிரிப்பதை மட்டும் முந்தின இரவே முடித்துவிடுங்கள். நன்றாக ஆடும் நான்கு பேரின் பெயரை ஒரு கிண்ணத்திலும் மீதி நான்கு பேரின் பெயரை இன்னொரு கிண்ணத்திலும் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சீட்டு எடுங்கள். காலையில் டீயில் வைத்துப் பேச ஆரம்பித்தால் பின்னால் நிற்பவர்கள் பொறுக்கமாட்டார்கள்.