பிள்ளைக்கு நித்திரை வராத அலர்ஜி மருந்து: எதைக் கேட்டு வாங்குவது?

கேள்வி: கச்சான் காற்று தொடங்கினால் என் ஆறு வயது மகனுக்கு விடியவே தும்மல், மூக்கால் ஓடும், கண் கடிக்கும். பிரிட்டோன் கொடுத்தால் வகுப்பில் மேசையில் தலை வைத்து நித்திரையாகிறான். பாமசியில் ‘நித்திரை வராத பாணி’ என்று ஒன்றைக் காட்டினார்கள். வாங்கலாமா? எவ்வளவு கொடுப்பது?
— வாசகி, உப்புவெளி

பதில்: வாங்கலாம். பிரிட்டோனில் இருப்பது குளோர்பெனிரமின். அது மூளைக்குள் சுலபமாகப் புகுந்துவிடும். நம்மை விழிப்பாக வைத்திருப்பதில் மூளையில் உள்ள ஹிஸ்டமினுக்கும் (தும்மலையும் கடியையும் கிளப்பும் அதே இரசாயனம்) பங்கு உண்டு. அதை மறித்தால் கண் சொருகும். சில பிள்ளைகள் இதற்கு நேர்மாறாகத் துள்ளிக் குதித்து அடம்பிடிப்பதும் உண்டு. ராத்திரி கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள், ஆனால் மந்தம் காலை வரை மிஞ்சும். ‘நித்திரை வராத’ மருந்து என்று விற்கும் செட்டிரிசின், லொராட்டடின் இரண்டும் மூளைக்குள் மிகக் குறைவாகவே போகும்.

அதற்காக ‘நித்திரை வராது’ என்பதை அப்படியே நம்பவும் வேண்டாம். செட்டிரிசின் சில பிள்ளைகளைச் சோர வைக்கும். முதல் வேளையை வெள்ளி மாலையில் கொடுத்துப் பாருங்கள். மகன் சோர்ந்தால் லொராட்டடினுக்கு மாறலாம்.

வழமையான அளவு இது: செட்டிரிசின் 2 முதல் 5 வயது வரை 2.5 மி.கி., 6 முதல் 11 வயது வரை 5 மி.கி., இரண்டுமே நாளுக்கு இரு வேளை. லொராட்டடின் நாளுக்கு ஒரே வேளைதான். 2 வயதுக்கு மேல், 30 கிலோ வரை உள்ள பிள்ளைக்கு 5 மி.கி. இரண்டு வயதுக்குள் வைத்தியர் சொல்லாமல் எதுவும் வேண்டாம். சிறுநீரகக் கோளாறோ வலிப்போ இருந்தால் செட்டிரிசினுக்கு முன்பும், ஈரல் கோளாறு இருந்தால் லொராட்டடினுக்கு முன்பும் வைத்தியரைக் கேளுங்கள்.

பிழை அதிகம் நடப்பது போத்தலில். செட்டிரிசின் பாணி பெரும்பாலும் 5 மி.லி.க்கு 5 மி.கி. லீவோசெட்டிரிசின், டெஸ்லொராட்டடின் பாணிகள் 5 மி.லி.க்கு 2.5 மி.கி. என்று வரும், அவற்றின் அளவுக் கணக்கே வேறு. செட்டிரிசின் சொட்டு மருந்தோ ஒரு மி.லி.க்கே 10 மி.கி. பாணி என்று நினைத்து அதைக் கரண்டியில் ஊற்றினால் பத்து மடங்கு போய்விடும். ஆகவே லேபிளில் பெயருக்கு அடுத்து இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். வீட்டுத் தேக்கரண்டியை நம்பாதீர்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சை பாமசியிலேயே கேட்டு வாங்கி, கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விடுங்கள்.

மருந்து வேலை செய்ய ஒரு மணி நேரம் போல எடுக்கும். தும்மித் தீர்ந்த பிறகு கொடுப்பதைவிட, புழுதிக் காலத்தில் நாளாந்தம் ஒரே நேரத்தில் கொடுப்பது நல்லது. தும்மலும் கடியும் அடங்கும். மூக்கடைப்பு அவ்வளவாக அசையாது. அடைப்புத்தான் பெரிய தொல்லை என்றால், அதற்குரிய மூக்கு ஸ்ப்ரேயை வைத்தியர் எழுதித் தருவார். இழுப்புக்கும் இது மருந்தல்ல.

இதோடு தடிமன் பாணி எதையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அவற்றில் பலவற்றுள் அதே குளோர்பெனிரமின் ஒளிந்திருக்கும். மொன்டிலூகாஸ்ட் (இழுப்புக்கும் அலர்ஜிக்கும் எழுதும் வேறு வகை மருந்து) கலந்த மாத்திரையை ‘இது இன்னும் நல்லது’ என்று நீட்டினாலும் சீட்டில்லாமல் வாங்க வேண்டாம். கெட்ட கனவு, எரிச்சல், மனநிலை மாற்றம் போன்றவற்றுக்காக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் அதற்குக் கடும் எச்சரிக்கை போட்டது. வைத்தியர் பெக்ஸோபெனடின் என்ற இன்னொரு அலர்ஜி மருந்தை எழுதியிருந்தால் தண்ணீரோடு மட்டும் கொடுங்கள். தோடம்பழச் சாறு, ஆப்பிள் சாறு அது உடலில் சேருவதைக் குறைத்துவிடும்.

கேள்வி: பாணி விலை கூட. மூன்று வயது மகளுக்கு 10 மி.கி. செட்டிரிசின் மாத்திரையைக் காலாக உடைத்துக் கொடுக்கலாம் என்கிறார்கள். சரியா?
— வாசகர், கிண்ணியா

பதில்: ஆறு வயதுப் பிள்ளைக்கு என்றால், நடுவில் கோடு உள்ள மாத்திரையைப் பாதியாக்குவது நல்ல சிக்கனம். காலாக உடைத்தால் ஒரு துண்டு பெரிதாகவும் மற்றது தூளாகவும் போகும். மூன்று வயதுக்குப் பாணியே சரி. சின்னப் போத்தலாகக் கேளுங்கள். திறந்த திகதியைப் பேனையால் போத்தலில் எழுதி, அடுப்படி வெக்கை படாத இடத்தில் வையுங்கள். திறந்த பின் எத்தனை நாள் என்பது லேபிளில் இருக்கும்.

மாத்திரை வாங்குபவர்களுக்கும் ஒன்று. கார்டை வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் திகதியும் மற்றப் பாதியோடு போய்விடும். வெட்டுமுன் திகதியைப் பாருங்கள், கடதாசி உறையில் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதச் சொல்லுங்கள். பில் கேளுங்கள். பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் எடுத்தால், பில்லை வைத்துக்கொண்டு நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் சொல்லலாம்.

கேள்வி: சூரைக் கறி சாப்பிட்டு அரை மணியில் எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் முகம் சிவந்து, தலையிடியும் உடம்பு எரிவும் வந்தது. மூன்று பேருக்கும் மீன் அலர்ஜியா?
— வாசகி, மூதூர்

பதில்: ஒரே சட்டியில் சாப்பிட்ட மூவருக்கும் ஒன்றாக வந்தால் அலர்ஜியைவிட மீனைத்தான் சந்தேகிக்க வேண்டும். சூரை, கெளவல்லா போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையிலேயே ஹிஸ்டமின் ஊறும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுக்க மீனை நிறுத்த அவசரப்படாமல், முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆனால் எதைச் சாப்பிட்ட பிறகானாலும் நாக்கோ தொண்டையோ வீங்கினால், மூச்சு இழுத்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், பிள்ளை துவண்டால் பாணிப் போத்தலைத் தேட வேண்டாம். இந்தக் கடும் அலர்ஜியை நிறுத்துவது அட்ரினலின் ஊசிதான். உடனே 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை பிள்ளையை எழுப்பி நடக்க வைக்காமல் கால்களை உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சுக் கஷ்டம் என்றால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும்.