இராகம் கேட்டால் குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி: காலி வீதியோரத் தொடர்மாடியொன்றில் வசிக்கிறோம். அம்மாவுக்கு உயர் இரத்த அழுத்தம். வாகன இரைச்சலால் இரவில் சரியான நித்திரையும் இல்லை. ஓர் இராகத்தை நாள்தோறும் கேட்டால் அழுத்தம் இறங்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி, குளிசையை நிறுத்தப் போவதாகச் சொல்கிறார். இரைச்சல் உடலைப் பாதிக்குமா? இசை அதைச் சீராக்குமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: குளிசையை நிறுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் இன்றே சொல்லுங்கள். மருந்துக்கு ஈடான இராகம் எதுவும் இல்லை; சில வகைக் குளிசைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்னிலும் அதிகமாக ஏறிவிடும்.

இரைச்சலைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. நள்ளிரவில் பஸ் ஹோர்ன் அடிக்கும்போது அம்மா கண் விழிக்காவிட்டாலும், அவரது மூளை அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது; அட்ரினலின், கோர்ட்டிசோல் ஆகிய பதற்ற ஹோர்மோன்கள் சுரந்து, இதயம் விரைந்து துடித்து, இரத்தக்குழாய்கள் சுருங்கி, அழுத்தம் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்வதுதான் இருதய நோய்க்கு வழிவகுக்கிறது. வீதிப் போக்குவரத்தின் இரைச்சல் இரவில் சராசரியாக 45 டெசிபெலுக்குக் (ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு) கீழ் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிராந்தியம் 2018 இல் பரிந்துரைத்தது. காலி வீதியைப் பார்த்த யன்னலோரத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. ஆகவே அம்மாவின் கட்டிலை முதலில் பின்பக்க அறைக்கு மாற்றுங்கள். கடல் பக்கமாயின் ரயில் சத்தம் இருக்கும்தான். ஆனால் நள்ளிரவில் ரயில்கள் குறைவு.

இசையின் பயனும் பொய்யல்ல. 2006 இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், இந்திய இராகம் உட்பட ஆறு வகை இசையை 24 பேருக்குக் கேட்கச் செய்து, மூச்சையும் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தார்கள். எந்த வகை இசை என்பதைவிட, அதன் வேகமே உடலை அதிகம் பாதித்தது: விரைவான இசை மூச்சையும் நாடித்துடிப்பையும் கூட்டியது. இசைக்கு நடுவே விடப்பட்ட இரண்டு நிமிட அமைதியிலோ நாடியும் அழுத்தமும் தொடக்க நிலையைவிடக் கீழே இறங்கின. அம்மாவுக்குப் பிடித்த, நிதானமான இசை எதுவானாலும் படுக்கைக்குப் போகுமுன் கேட்கட்டும். முடிந்ததும் சில நிமிடங்கள் பேசாமல் ஓய்ந்திருக்கட்டும். அந்த இறக்கம் சற்று நேரத்துக்கே நிற்கும் என்பதையும் அவருக்கு விளக்குங்கள்.

வீதிச் சத்தத்தை அமுக்குவதற்காக இயர்போனில் ஒலியைக் கூட்டிக் கேட்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள். 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணித்தியாலமே பாதுகாப்பான எல்லை. சத்தம் கூடக் கூட அந்த நேரம் விரைவாகச் சுருங்கும். ஒலியை உணரும் உட்காதின் மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.