மிலிஷியாவுக்குத் தமிழில் எந்தப் படை?

ஐயா,

போர்த்துக்கேயர் காலத்து இலங்கை பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். போர்த்துக்கேயருக்காகப் போரிட்ட உள்ளூர் வீரர்களான லஸ்கரின்களை அது 'மிலிஷியா' என்கிறது. நான் 'துணைப்படை' என்று போட்டேன்; 'கூலிப்படை'தான் சரி என்கிறார் அண்ணா. இந்தச் சொல் மிலிட்டரியிலிருந்து வந்ததா?

வாசகி, களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தங்கைக்கு,

மிலிட்டரியிலிருந்து வரவில்லை, இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் 'மீலெஸ்' என்றால் படைவீரன், 'மிலித்தியா' என்றால் அவன் செய்யும் படைச்சேவை. முதலில் அது ஆளைக் குறித்த சொல்லே இல்லை. ஆங்கிலத்துக்குப் போய், 17ஆம் நூற்றாண்டில்தான், வேண்டும்போது ஆயுதம் எடுக்கும் குடிமக்கள் என்ற பொருள் ஊன்றியது. இங்கிலாந்தின் 1757ஆம் ஆண்டுச் சட்டம் பகுதிக்கு இத்தனை பேர் என்று சீட்டுக் குலுக்கி எடுத்தது. சேவை 3 ஆண்டு.

உங்கள் இரண்டு சொல்லும் வெறும் சொல் அல்ல, பழைய கலைச்சொல். குறள் 762இன் உரையில் பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று ஆறு சொல்கிறார். துணைப்படை நட்பரசன் அனுப்புவது. கூலிப்படை காசுக்கு வருவது. லஸ்கரின் இரண்டுமில்லை. சேவைக்கு ஈடாகக் காணி வைத்திருந்தவன். அழைப்பு வந்தால் முதலியார், ஆராச்சி என்ற படைத்தலைவர்களுக்குப் பின்னால் போவான், முடிந்ததும் வயலுக்குத் திரும்புவான். (நம்மவர் பெருமையாகச் சொல்லும் அந்த முதலியார் பதவியும் தொடக்கத்தில் படைப்பதவிதான்.) 'லஷ்கர்' பாரசீகத்தில் சேனை, போர்த்துக்கேயர் வாயில் லஸ்கரின் ஆயிற்று.

ஆறில் பொருந்துவது நாட்டுப்படை. ஆனால் இன்றைய வாசகர் அதைத் தேசிய இராணுவம் என்று படித்துவிடுவார். ஆகவே, குடிமக்களின் படை என்ற பொருளில், குடிப்படை. தவறணைக் (கள்ளுக்கடை) கூட்டம் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். முதல் இடத்தில் 'லஸ்கரின் எனும் குடிப்படையினர்' என்று எழுதுங்கள், பிறகு லஸ்கரின் மட்டும் போதும்.

'ஊர்காவல் படை' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அகராதிப்படி பொருந்துவது போலத் தெரியும். ஆனால் எங்கள் பக்கம், மட்டக்களப்பானாலும் அம்பாறையானாலும், அது 1980களில் அரசு ஆயுதம் கொடுத்த, சனம் 'ஹோம்காட்' என்று சொன்ன படை. 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் என்று பெயர் மாறியும் பழைய பெயர் போகவில்லை. போர்த்துக்கேயர் காலத்துப் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கண்டதும் வாசகர் நினைவு எல்லைக் கிராமத்துக் காவலரணுக்குப் போய்விடும்.