ஆண்டுக்கு 45 மணி நேரம்

கேள்வி: பல நாடுகள் கூட்டுச் சேர்ந்து ராணுவ விமானங்கள் வாங்குகின்றனவாமே? பாதுகாப்பு விஷயத்தில் போய் அடுத்த நாட்டை நம்பலாமா? அவரவர் பணத்தில் அவரவர் வாங்கிக்கொள்வதுதானே மானம்?

பதில்: மானம் இருக்கட்டும். வாங்கிய விமானம் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் பறக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? ஐரோப்பாவின் குட்டி நாடான எஸ்டோனியா போட்டுப் பார்த்தது. ஒரு டாங்கியையே வயிற்றுக்குள் ஏற்றிக்கொள்ளும் சி-17 சரக்கு விமானத்தில் அந்த நாடு தனக்கென்று பதிந்துகொண்டது ஆண்டுக்கு 45 மணி நேரம். இதற்காக முழு விமானம் வாங்கியிருந்தால் விமானிகள், பழுதுபார்ப்பவர்கள், உதிரிபாகக் கிடங்கு என்று ஆண்டு முழுவதும் செலவு. பறக்காத நாளிலும் விமானம் தின்றுகொண்டுதான் இருக்கும்.

அதனால் எஸ்டோனியா உட்பட 12 நாடுகள் 2008இல் ஓர் ஒப்பந்தம் போட்டு, மூன்று சி-17களை ஹங்கேரியில் உள்ள பாப்பா தளத்தில் நிறுத்தின (ஊர்ப் பெயரே அதுதான், சிரிக்காதீர்கள்). தொடக்கப் பங்கீட்டில் ஸ்வீடனுக்கு 550 மணி நேரம், நார்வேக்கு 400. அவரவர் நேரத்தை நேட்டோ ராணுவக் கூட்டணியின் பணிக்கும் பயன்படுத்தலாம், சொந்த வேலைக்கும் பயன்படுத்தலாம். ஸ்வீடனும் பின்லாந்தும் அப்போது நேட்டோவிலேயே இல்லை. விமானத்தின் மேல் இருப்பதோ ஹங்கேரியின் அடையாளம். எஸ்டோனியாவின் சரக்கு அதில்தான் போகிறது. மானம் ஒன்றும் கப்பலேறிவிடவில்லை.

போர் விமானத்தில் லாபம் வேறு வகை. 1975இல் பெல்ஜியம், நெதர்லாந்து, டென்மார்க், நார்வே நான்கும் ஒன்றாகப் பேரம் பேசி அமெரிக்காவின் எஃப்-16 போர் விமானங்கள் 348 வாங்க உடன்பட்டன. தனித்தனியாகப் போயிருந்தால் அமெரிக்கா டீ கொடுத்து அனுப்பியிருக்கும். சேர்ந்து போனதால் தங்கள் விமானங்களின் மதிப்பில் 40 சதவீத வேலையும், அமெரிக்க விமானப்படையே வாங்கியவற்றில் 10 சதவீதமும் இவர்களின் தொழிற்சாலைகளுக்கு வந்தன. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் விமானத்தை முழுதாகப் பொருத்தி வெளியே அனுப்பினார்கள். பலன் அதோடு நிற்கவில்லை. 2002இல் கிர்கிஸ்தானின் மனாஸ் தளத்துக்கு டென்மார்க், நெதர்லாந்து, நார்வே ஆளுக்கு ஆறு எஃப்-16 அனுப்பின. ஒரே ரக விமானம் என்பதால் மூன்று நாட்டுப் படைகளும் ஒரே அணியாக இயங்க முடிந்தது.

கூட்டிலிருந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால்? தள்ளுவார்கள். ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணைகளை வாங்கிய துருக்கியை 2019இல் எஃப்-35 போர் விமானத் தயாரிப்புக் கூட்டிலிருந்து அமெரிக்கா நீக்கியது. ஆனால் வெளிநாட்டு விமானத்தைத் தனியாக வாங்குகிறவருக்கு மட்டும் என்ன வாழ்கிறது? உதிரிபாகச் சாவி விற்றவர் இடுப்பில்தான் இருக்கும். துருக்கியாவது பாகங்கள் செய்து கொடுத்த பங்காளி. அதை நீக்கியபோது மற்றவர்களும் அந்தப் பாகங்களுக்கு வேறு ஆள் தேட வேண்டியிருந்தது.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. ஊர் கூடித் தேர் இழுக்கலாம். ஆளுக்கொரு சக்கரம் கேட்டால் தேர் நகராது. ஐரோப்பிய நாடுகள் கூடி உருவாக்கிய என்எச்-90 ராணுவ ஹெலிகாப்டரில் நடந்தது அதுதான். ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி மாற்றம் கேட்டு, இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் ஆகிவிட்டன. 2001இல் 14 ஹெலிகாப்டர்களுக்குச் சொல்லிவைத்த நார்வேக்கு ஆண்டுக்கு 3,900 மணி நேரம் பறக்க வேண்டியிருந்தது. கிடைத்தது சுமார் 700. 2022இல் ஒப்பந்தத்தை முறித்து, பணத்தைத் திருப்பிக் கேட்டது. அதே நார்வே, கடையில் இருந்தபடியே எந்த மாற்றமும் கேட்காமல் வாங்கிய பாப்பா சி-17 கூட்டில் தொடர்ந்து இருக்கிறது.