உஷா உதுப்பின் மேடை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

சில வாரங்களுக்கு முன் எங்கள் ஊரில் உஷா உதுப் நிகழ்ச்சி நடந்தது. நானும் கணவரும் பதினான்கு வயது மகளும் போயிருந்தோம். அவருடைய குரல் எனக்கு அப்பாவின் டேப் ரெக்கார்டர் வழியாகப் பழக்கம். 'ஹரி ஓம் ஹரி', 'ரம்பா ஹோ' இரண்டும் ஒரே கேசட்டில் இருக்கும். நாடா நைந்து போகும் வரை கேட்ட வீடு எங்களுடையது.

ஆனால் ஏமாற்றத்தோடுதான் திரும்பினேன். நிகழ்ச்சியில் கணிசமான நேரம் பேச்சிலேயே போனது. பாடியதில் பாதிக்கு மேல் வேறு யாரோ பாடிப் புகழ்பெற்ற பாட்டுகள். குரலும் கேசட்டில் கேட்டது மாதிரி இல்லை. நீளமான வரி வந்தால் பாதியில் விட்டுவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுகிறார். எழுந்து நிற்கச் சொல்கிறார், கை தட்டச் சொல்கிறார், கூடப் பாடச் சொல்கிறார். டிக்கெட் எடுத்துப் போனது அவர் பாடுவதைக் கேட்கத்தானே? எஸ். ஜானகி அம்மா 2016-இல் போதும் என்று அறிவித்து ஒதுங்கிக்கொண்டார். அதுதான் கம்பீரம் என்று எனக்குத் தோன்றுகிறது. கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று முழுக்க அவர் உட்காரவே இல்லை, அவ்வளவு ஆட்டம். பழைய நினைவுகளைத்தான் இவர்கள் விற்கிறார்களோ என்று கேட்டேன், கோபித்துக்கொண்டார்.

இன்னொன்று. என் மகளுக்குக் கனத்த குரல். பள்ளிப் பாட்டுக் குழுவில் அவளைப் பின்வரிசையில் நிறுத்திச் சும்மா வாயசைக்கச் சொல்கிறார்களாம். அன்று வெளியே வரும்போது, "நானும் இந்த மாதிரி பாடலாமாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
க., கோயம்புத்தூர்

*

அன்புள்ள க.,

நானும் அவர் நிகழ்ச்சிகளைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கவனித்துச் சொன்னது எல்லாமே சரி. பேச்சு உண்டு, பிறர் பாட்டுகள் உண்டு, மைக் கூட்டத்தின் பக்கம் போவதும் உண்டு. அதிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கேசட்டில் இருப்பதுதான் அவருடைய கலை, மேடையில் நடப்பது அதன் மிச்சம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் விஷயத்தில் இது அப்படியே தலைகீழ். மேடைதான் அவருடைய படைப்பு. இசைத்தட்டுகளும் சினிமாப் பாட்டுகளும் அதிலிருந்து கிடைத்த துண்டுகள்.

அவர் தொழில் கற்ற இடத்தைப் பாருங்கள். 1969-இல் மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தின் அடித்தளத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்று ஒரு நைட் கிளப் இருந்தது. சஃபையர், எமரால்டு, ப்ளூ டயமண்ட் என்று மூன்று தியேட்டர்கள் சேர்ந்த கட்டடம் அது, இன்று இல்லை. பம்பாயில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண், இருபத்தொரு வயதில், புடவை கட்டிக்கொண்டு அங்கே போய்ப் பாடினார். அப்போது கிளப் பாடகி என்றால் மின்னும் கவுன் போட்டிருக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். பிறகு கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் 'ட்ரிங்காஸ்' உணவகம். அந்தத் தெருவே அன்று பாட்டும் பேண்டுமாக இருந்தது. 'மொகாம்போ', 'ப்ளூ ஃபாக்ஸ்' என்று வரிசையாக உணவகங்கள், ஒவ்வொன்றிலும் இசைக்குழு.

உணவகத்தில் பாடுவது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள். எதிரே இருப்பவர்கள் உங்களைக் கேட்க வந்தவர்கள் இல்லை, சாப்பிட வந்தவர்கள். தட்டும் கரண்டியும் சத்தம் போடும், பரிமாறுகிறவர் குறுக்கே போவார், ஒரு மேசையில் பிறந்தநாள், இன்னொன்றில் வியாபாரப் பேச்சு. பாட்டு பிடிக்காவிட்டால் யாரும் திட்ட மாட்டார்கள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான். சபா கச்சேரியில் உட்கார்ந்திருப்பவர் கேட்பதற்கென்றே வந்தவர். அந்தச் சலுகை கிளப் பாடகருக்குக் கிடையாது. ஒவ்வொரு இரவும் கேட்பவர்களை அவரேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். மூன்றாம் மேசைக்காரரைப் பெயர் கேட்டுப் பேச வேண்டும், அவர் ஊர்ப் பாட்டு ஒன்றை எடுத்துவிட வேண்டும், முள்கரண்டியை அவர் கீழே வைக்கும்படி செய்ய வேண்டும். நீங்கள் குறையாகச் சொன்ன பேச்சு அங்கேதான் பிறந்தது. அதைப் பாட்டுகளுக்கு நடுவே வரும் இடைவெளி என்று நான் நினைக்கவில்லை. பாட்டு போலவே அதுவும் பயின்று தேர்ந்த வித்தை.

பிறர் பாட்டுகள் விஷயமும் இப்படித்தான். கிளப் பேண்டுக்கு அன்று என்ன பாட்டு ரேடியோவில் ஓடுகிறதோ அது தெரிந்திருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார்கள், உடனே பாட வேண்டும். நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் பாடிய யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பாட்டுகளை அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவின் 'மலைகா'வை அவர் நைரோபிக்கே போய், அதை முதலில் புகழ்பெறச் செய்த ஃபாதிலி வில்லியமுடன் சேர்ந்து பாடினார். ஸ்வாஹிலி பேசும் கூட்டத்துக்கு முன்னால் ஸ்வாஹிலியில் பாடி ஏற்றுக்கொள்ளப்படுவது சாதாரண விஷயமில்லை. தமிழிலும் சினிமா அவரை அடிக்கடி கூப்பிடவில்லை. 1975-இல் 'மேல்நாட்டு மருமகள்', 1990-இல் 'அஞ்சலி'யின் 'வேகம் வேகம் போகும் போகும்' என்று சட்டென்று நினைவுக்கு வருபவை கொஞ்சம்தான். அரை நூற்றாண்டுக்கு மேல் நாடெங்கும் அரங்குகளை நிரப்பியவர் இந்தக் கையளவு சினிமாப் பாட்டுகளை வைத்து நிரப்பவில்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

நான் பார்த்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 'ஃபீவர்' என்ற ஆங்கிலப் பாட்டு. 1958-இல் பெகி லீ பாடிய வடிவம்தான் உலகத்துக்குத் தெரியும். அதில் பாஸ், டிரம், விரல் சொடக்கு, இவற்றைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஒளிந்துகொள்ள இடமே இல்லாத பாட்டு. உஷா உதுப் முதலில் கூட்டத்துக்குச் சொடக்குப் போடக் கற்றுக்கொடுத்தார், இரண்டாவது, நான்காவது அடியில். எந்தக் கூட்டமும் செய்வதையே அன்றும் செய்தது, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டிக்கொண்டே போனது. அவர் நிறுத்தவில்லை, திருத்தவில்லை. குரலைத் தணித்தார். பேசுகிற அளவுக்கு, அப்புறம் அதற்கும் கீழே. மேடை விளிம்புக்கு வந்து, மைக்கை உதட்டுக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்தார். அவரைக் கேட்க வேண்டுமானால் நாங்கள் சத்தத்தைக் குறைத்தாக வேண்டும். குறைத்தபோது வேகமும் தானாக இறங்கியது. ஒரு சொல் அதட்டாமல் அத்தனை பேரைத் தாளத்துக்குள் இழுத்து வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் பாஸ் வாசித்தவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எந்தப் பதிவில் இதைக் கேட்க முடியும், சொல்லுங்கள்?

சரி, குரலுக்கு வருகிறேன். 1947-இல் பிறந்தவர், எண்பதை நெருங்குகிறார். வயதானால் நுரையீரலின் நெகிழ்வு குறையும், ஒரே மூச்சில் பாடக்கூடிய நீளம் சுருங்கும். அதனால்தான் நீளமான வரியைப் பாதியில் கூட்டத்துக்குத் தருகிறார். அதை நீங்கள் ஏய்ப்பு என்று பார்க்கிறீர்கள், நான் நிர்வாகம் என்கிறேன். எந்தச் சொல்லில் விடுகிறார் என்று அடுத்த முறை கவனியுங்கள். கூட்டத்துக்கு நிச்சயமாகத் தெரிந்த சொல்லுக்கு முன்னால்தான் விடுவார்.

ஜானகி அம்மாவை நீங்கள் சொன்னது நல்ல உதாரணம், ஆனால் அது வேறு வாதத்தைத்தான் நிரூபிக்கிறது. பெண்களுக்கு வயதாக ஆக, குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு, குரல் நாண்கள் தடித்துச் சுருதி கீழே இறங்கும். மேல் ஸ்தாயியில் வாழ்ந்த குரலுக்கு இது பெரிய இழப்பு. ஜானகியின் கலை மேல் ஸ்தாயியின் மென்மையிலும், மைக் மட்டுமே பிடிக்கக்கூடிய நுண்ணிய அசைவுகளிலும் இருந்தது. அது பதிவுக்கூடத்தின் கலை. தன் அளவுகோலுக்குக் கீழே இறங்க விரும்பாமல் அவர் நிறுத்தியதை நானும் வணங்குகிறேன். உஷா உதுப்பின் குரலோ தொடக்கத்திலேயே கீழே இருந்தது. வயது இழுத்துச் செல்லும் திசையில்தான் அவருடைய வீடே இருக்கிறது. இரண்டு பேரும் தங்கள் குரலை உள்ளபடி அறிந்தவர்கள், அதற்கேற்ப முடிவெடுத்தவர்கள். ஒருவர் முடிவை வைத்து மற்றவரை அளக்காதீர்கள்.

குரல் சரியாகக் கேட்கவில்லை என்பதற்கு ஒலியமைப்பும் காரணமாக இருந்திருக்கலாம். இந்த மாதிரி கனத்த பெண் குரல் பாஸ் கிட்டாருக்கும் டிரம்முக்கும் பக்கத்திலேயே ஒலிப்பது. நம் அரங்குகளில் நெஞ்சு அதிரும்படி பாஸைத் திறந்துவிட்டால்தான் ஆடியோக்காரர்களுக்குத் திருப்தி. அதில் இவர் குரலின் கீழ்ப்பாதி அப்படியே மூழ்கிவிடும், மேலே கரகரப்பு மட்டும் மிதக்கும். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. மூத்த கலைஞர் ஒருவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி அரைமணி நேரம் பாராட்டிப் பேசுகிறவர்கள், ஒலியைச் சரிபார்க்க அந்த அரைமணியை ஒதுக்குவதில்லை. அடுத்த முறை மேடைக்கு அருகே இருக்கும் விலை உயர்ந்த இருக்கைகளை விட்டுவிட்டு, ஒலிக்கலவை செய்பவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் டிக்கெட் எடுங்கள். அவர் காதுக்கு என்ன கேட்கிறதோ அதை வைத்துத்தான் அவர் சரிசெய்வார்.

பழைய நினைவை விற்கிறார் என்றீர்கள். நினைவுக்காக வந்தவர்கள் அரங்கில் இருப்பார்கள், உங்கள் கணவரும் இருந்திருப்பார், அதில் என்ன தவறு? ஆனால் மேடையில் இருப்பவர் நேற்றைய பாட்டுகளோடு நின்றுவிட்டவர் இல்லை. அடெல் பாடிய 'ஸ்கைஃபால்' வந்ததும் அதைத் தன் குரலுக்கு இறக்கிக்கொண்டு மேடையேற்றினார். அதற்குக் கொஞ்சம் முன்புதான், '7 கூன் மாஃப்' படத்தின் 'டார்லிங்' பாட்டுக்காக ரேகா பரத்வாஜுடன் ஃபிலிம்ஃபேர் விருதைப் பகிர்ந்துகொண்டார். அறுபதைத் தாண்டிய பிறகு அது. காஞ்சிபுரம் பட்டு, அதே பட்டை ஒட்டித் தைத்த ஸ்போர்ட்ஸ் ஷூ, நெற்றியில் கல்கத்தாவுக்காக வங்காள 'க' எழுதிய பெரிய பொட்டு. இதை வேடிக்கை உடை என்று சிரித்துக் கடந்துவிடுகிறோம். எண்பதுகளின் தொடக்கத்தில் மேற்கு வங்க அமைச்சர் ஒருவர் இவருடைய பாட்டு பண்பாட்டுச் சீரழிவு என்று சொல்லி, அரசு அரங்குகளில் பாட முடியாதபடி செய்தார். இவர் நீதிமன்றம் போய் வென்றார். வென்ற பிறகும் அந்த ஊரிலேயே இருந்தார், அந்த ஊரின் எழுத்தையே நெற்றியில் சூடிக்கொண்டார். எனக்கு அந்தப் பொட்டு மேல் பெரிய மரியாதை உண்டு.

இனி உங்கள் மகள். கடிதத்தில் என்னை மிகவும் பாதித்தது அந்தப் பகுதிதான். பம்பாயில் பள்ளியில் படித்தபோது, குரல் பொருந்தவில்லை என்று உஷாவையும் பாட்டு வகுப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். வீட்டில் அக்காக்கள் பாடுவார்கள், ரேடியோ சிலோன் எந்நேரமும் ஓடும். ஒன்பது வயதில் அதே ரேடியோ சிலோனின் 'ஓவல்டைன் மியூசிக் அவர்' நிகழ்ச்சியில் பாட வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி வாய்ப்புக் கொடுத்தார். பள்ளி ஒதுக்கிய குரலுக்கு வானொலி இடம் கொடுத்தது.

நம் ஊரில் பெண் பிள்ளை பாட வந்தால் பலரும் யோசிக்காமல் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று சுருதி வைத்துவிடுகிறார்கள். அந்த உயரத்தில் கனத்த குரல் கத்தும் அல்லது உடையும். உடனே 'குரல் சரியில்லை' என்று தீர்ப்பு. சரியில்லாதது சுருதி. செல்போனில் ஒரு தம்புரா செயலி இறக்கிக்கொள்ளுங்கள். மூன்று கட்டையில் வைத்து, அவளுக்குப் பிடித்த பாட்டு எதுவானாலும் மெதுவாகப் பாடச் சொல்லுங்கள். கீழ்ப் பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயியின் 'ப', கஷ்டமில்லாமல் வருகிறதா, மேலே போகும்போது கழுத்து இறுகுகிறதா என்று பாருங்கள். இறுகினால் இன்னும் அரைக்கட்டை இறக்குங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால் அவள் குரல் எங்கே உட்காருகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பிறகு அந்தச் சுருதியிலேயே சொல்லிக்கொடுக்கச் சம்மதிக்கிற ஆசிரியராகத் தேடுங்கள். சம்மதிக்காதவர் எவ்வளவு பெரியவரானாலும் வேண்டாம். பள்ளிக்கும் ஒருமுறை நேரில் போங்கள், வாயசைக்கச் சொல்வது எந்தப் பிள்ளைக்கும் செய்யக் கூடாதது என்று மென்மையாகவே சொல்லிவிட்டு வாருங்கள்.

பாடலாமா என்று கேட்டாள் அல்லவா? தாராளமாகப் பாடலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்.